ஹெஸ்டர் மோட்ரமின் ஏழு பேர்

யார்க் நகரத்தின் இரண்டாயிரம் வருடச் சரித்திரம், அதில் செத்தவர்கள் அத்தனை பேரையும் சேர்த்து, ஆளுக்கு முப்பத்தெட்டு பவுண்டு. ராத்திரிச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். குடிப்பது தனி.

அந்த விலைக்குத்தான், பேய்க்கதை சொல்லி ஊரைச் சுற்றிக்காட்டுகிற லயனல் தாக்ரே விற்றான். சீஸ் கடை டக்ளஸின் அக்கா மார்ஜரி இருந்தாளே, அவளுடைய புருஷன். இது டக்ளஸ் வாயால் வந்த கதை. எடையில் கை வைத்தாலும் பேச்சில் கை வைக்காதவன் டக்ளஸ்... யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள். ஆற்றுக் காற்று நேராக வருகிறது.

போன வருடம் நவம்பர். செவ்வாய்க்கிழமை. மணி நாலரை.

நவம்பரில் நாலரை என்றால் இருட்டுதான். ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. ஊர் முழுக்கச் சேற்று வாடை. மின்ஸ்டர் தேவாலயத்துக்குப் பின்னால் ஃபெதர் சந்து. எதிரே ஓர் ஆள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். விளக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அந்தக் கோடியில். செவ்வாய்க்கிழமை மணியடிக்கிறவர்கள் பழகுகிற நாள். மேலே கோபுரத்தில் மணிகள் மாறி மாறி உருண்டுகொண்டிருந்தன.

முன்னால் லயனல். கறுப்பு மேலங்கி, உயரத் தொப்பி, கையில் லாந்தர். பின்னால் ஐந்து பேர்.

சும்மா வந்த ஐந்து பேர் இல்லை. லீட்ஸில் சுற்றுலா பஸ் கம்பெனி நடத்துகிற மிசஸ் பிளெங்கின்சப். அந்தம்மாளின் கணக்கர் நெவில், எப்போதும் கையில் குறிப்பேடு. பஸ் ஓட்டுகிற ட்ரெவர். அப்புறம் கம்பெனியின் பழைய வாடிக்கையாளர்களான பொகாக் தம்பதி. எங்கே கூட்டிப்போனாலும் "போன தடவை இதைவிட நல்லா இருந்துச்சே" என்று ஆரம்பிக்கிற ரகம். இந்த ஐந்து பேருக்கும் பிடித்துவிட்டால் வாரம் ஒரு பஸ், வருடம் முழுக்க. பிடிக்காவிட்டால் அந்த பஸ் நார்மனுக்கு. நார்மன் ஆற்றங்கரைப் பக்கம் பேய் காட்டுகிறவன். பஸ் அவனிடம் போனால் லயனல் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான். ஐம்பத்தெட்டு வயதில் அவனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்?

இந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. பேய்க்கு ஒரு பெயர் வேண்டும். கல்லில் செதுக்கிய பெயராக இருந்தால் லாந்தரைத் தூக்கிக் காட்டலாம், சனம் வாயைப் பிளக்கும். ஆனால் பேரன் பேத்தி இருக்கிற கல்லைத் தொட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதனால் வழிகாட்டிகள் எல்லோரும் ஆளில்லாத கல்லாகப் பார்த்து எடுப்பார்கள். பூ வைக்காத கல். பாசி சுரண்டாத கல்.

லயனல் எடுத்தது ஃபெதர் சந்துக் கல்லறைத் தோட்டத்தில், மூலையில் சாய்ந்து கிடந்த ஒன்று. ஹெஸ்டர் மோட்ரம். சமையற்காரி. ஒரே வீட்டில் நாற்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள், நேர்மையானவள், இறந்தது 1783. அவ்வளவுதான் எழுதியிருந்தது. 'நேர்மையானவள்' என்ற இடத்தில் மட்டும் லயனல் கொஞ்சம் ஈர மண்ணை அப்பி வைத்திருந்தான்.

முதல் வருடம் ஹெஸ்டர் தன் எஜமானி ஒருத்திக்கு மட்டும் விஷம் வைத்தாள். அப்புறம் நார்மன் தன்னுடைய ஆற்றங்கரைக் கசாப்புக்காரனுக்கு மூன்று கொலை கொடுத்தான். உடனே லயனல் ஹெஸ்டருக்கு நான்கு கொடுத்தான். போன கோடையில் ஐந்து. ஒரே ராத்திரி, ஒரே மேஜை, மாவு மூடிச் சுட்ட புறாக்கறி, ஐந்து பிணம். நன்றாகத்தான் ஓடியது.

அன்றைக்கு அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, லாந்தரை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, லயனல் அதைச் சொல்லி முடித்தான். யாரும் வாயைப் பிளக்கவில்லை.

"அஞ்சுதானா?" என்றாள் மிசஸ் பிளெங்கின்சப். "நார்மனோட ஆளு ஆறு பேரை வெட்டியிருக்கான், மிஸ்டர் தாக்ரே. விலையும் ரெண்டு பவுண்டு கம்மி."

"போன வாரம் நார்மன் சொல்றப்ப எனக்குக் கால் நடுங்கிருச்சு" என்றாள் மிசஸ் பொகாக்.

"உனக்குக் குளிர்ல நடுங்குச்சு" என்றார் அவள் புருஷன்.

லயனல் லாந்தரைக் கொஞ்சம் தாழ்த்தினான். "அஞ்சுங்கிறது கோர்ட்ல நிரூபிச்ச கணக்கு, மேடம். உண்மையில மொத்தம் ஏழு."

நெவில் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான். "ஏழுன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க. ஏழு."

மேலே மணிகள் நின்றன. முடிகிற இடத்தில் இல்லை... ஒரு சுற்றின் பாதியில். யாரோ கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்ட மாதிரி.

அந்த அமைதியில் சந்தின் அந்தக் கோடியில் ஒரு சத்தம். டொக்... டொக்... டொக்... கல்லில் கட்டைச் செருப்பு நடக்கிற சத்தம். அவசரமே இல்லை.

வழிகாட்டிகளுக்கு ஒரு பழக்கம்: ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போது தலையை எண்ணுவார்கள். லயனல் எண்ணினான். ஆறு. மறுபடி எண்ணினான். ஆறு. பொகாக் தம்பதிக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஒரு பெண். சாம்பல் நிற உடை, வெள்ளை ஏப்ரன், தலையில் இறுகக் கட்டிய துணித் தொப்பி. முகம் சாதாரணமான முகம்தான். கடையில் நமக்கு முன்னால் வரிசையில் நின்றால் இரண்டாவது தடவை பார்க்க மாட்டோம். கைகளை மட்டும் ஏப்ரனுக்குள் மடித்து வைத்திருந்தாள்.

'நீங்கள் யார், பணம் கட்டினீர்களா' என்று கேட்டிருக்கலாம். இரண்டே கேள்வி. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், நாலு பேருக்கு எதிரில் அதைக் கேட்பதா? இந்த ஊரில் கொலை செய்கிறவன்கூட அதைச் செய்ய மாட்டான்.

மிசஸ் பிளெங்கின்சப் திரும்பிப் பார்த்தாள். அன்று முதல் தடவையாக அந்தம்மாள் முகம் மலர்ந்தது.

"அட! இது நல்லா இருக்கே. வேஷம் கச்சிதம். உங்க ஆளா, மிஸ்டர் தாக்ரே?"

லயனல் அவளைப் பார்த்தான். அவள் லயனலைப் பார்த்தாள்.

"ஆமா மேடம்" என்றான். "நம்ம ஆளுதான்."

சாப்பாடு பக்கத்துத் தெருவில், மாடி அறையில். தலை இடிக்கிற உத்தரம், கணப்பில் விறகு, சுவரில் யாரோ ஒரு பிரபுவின் படம். கடைக்காரன் பெர்னார்டுக்கும் லயனலுக்கும் ஆகாது. தலைக்கு இவ்வளவு தரகு என்று பேசிப் பேசியே இரண்டு பேரும் பகையானவர்கள்.

ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். மேஜையின் தலைப்பக்கம் லயனல். முதலில் யார்க்ஷயர் புட்டிங் என்கிற மாவுப் பணியாரம், வெங்காயக் குழம்பு. அந்தப் பெண் மேஜைக்கு வரவில்லை. நேராக அடுப்படிக்குள் போனாள். டொக்... டொக்... டொக்.

பெர்னார்ட் குனிந்து லயனலின் காதைக் கடித்தான். "யாருய்யா அந்தம்மா? என் அடுப்படிக்குள்ள கேக்காம கொள்ளாம நுழையறாங்க? வேஷக்காரிக்கும் தனியா சோறு போடணும்னா சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நான்..." லயனல் அடுப்படிப் பக்கம் பார்த்தான். "நீ ஏற்பாடு பண்ண ஆளில்லையா?"

"உனக்கு ஆள் பிடிக்கிறதா என் வேலை?"

அப்போது வாசனை வந்தது. வெண்ணெயில் வெந்த மாவு. ஜாதிக்காய். அதற்கு அடியில்... தோண்டிப் போட்ட ஈர மண்.

அவள் ஒரு பெரிய பீங்கான் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைய பட்டியலில் மாட்டுக்கறி என்று போட்டிருந்தது. அவள் கொண்டுவந்தது அது இல்லை. பொன்னிறமாக வெந்த மாவு மூடியில், நடுவே, குருவிக் கால் மாதிரி சின்னச் சின்னக் கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. சிவப்பாக. விரல்கள் மடங்கி. அந்தக் காலத்தில் உள்ளே இருப்பது புறா என்று காட்ட அப்படித்தான் செருகி வைப்பார்கள்.

"ஐயோ, எவ்வளவு நுணுக்கம்!" என்று மிசஸ் பொகாக் கை தட்டினாள்.

"கண்ணு, இந்தப் பக்கம் பெரிய துண்டாப் போடு" என்றான் ட்ரெவர். அவன் எல்லாப் பெண்களையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவான்.

அவள் வெட்டினாள். கத்தி பீங்கானில் உரசிய சத்தத்தை லயனல் எண்ணினான். எண்ணாமல் இருக்க அவனால் முடியவில்லை. ஏழு துண்டு. சரியாக ஏழு. ஐந்தை ஐந்து தட்டுகளில் வைத்தாள். ஆறாவதை லயனலுக்கு முன்னால் வைத்தாள். ஏழாவது அந்தப் பீங்கான் தட்டிலேயே இருந்தது.

அப்புறம் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கணப்புக்குப் பக்கத்தில் நின்று, லயனலையே பார்த்தாள்.

கோபமான பார்வை இல்லை அது. காத்திருக்கிற பார்வை. நீ சொல், உன் வாயால் சொல், இவர்களுக்கு முன்னால் சொல் என்கிற மாதிரி.

என்ன சொல்ல வேண்டும் என்று லயனலுக்குத் தெரியும். 'சாப்பிடாதீங்க. அவளை எனக்குத் தெரியாது. நான் சொன்னது பொய், அந்தம்மா யாரையும் கொல்லலை.' அவ்வளவுதான். மூன்று வாக்கியம்.

மிசஸ் பிளெங்கின்சப் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து உப்பு ஜாடிக்குக் கீழே வைத்தாள். "ஒப்பந்தம். முதல்ல சாப்பாட்டைப் பார்க்கிறேன். அப்புறம் கையெழுத்து." முள்கரண்டியில் ஒரு துண்டு குத்தி, வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "என்ன மிஸ்டர் தாக்ரே, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

விறகு ஒன்று வெடித்தது.

"சாப்பிடுங்க, மேடம்" என்றான் லயனல். "சூடு ஆறிடும்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். ஒரே ஒரு தடவை. விலை படிந்தது என்று கடைக்காரன் ஆட்டுவானே, அப்படி.

ஐந்து பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். லயனல் வயிறு சரியில்லை என்றான். கையெழுத்தானது. திரும்பிப் பார்த்தால் கணப்புப் பக்கம் யாரும் இல்லை. மேஜையில் பீங்கான் தட்டும் இல்லை, அவன் தொடாத துண்டும் இல்லை. விருந்தாளிகள் படியிறங்கின பிறகு பெர்னார்ட் அடுப்படியிலிருந்து வந்தான். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"நான் வெச்ச மாட்டுக்கறி அடுப்புக்குள்ள அப்படியே இருக்கு. தொடவே இல்லை. லயனல்... அவங்க சாப்பிட்டது என்னய்யா?"

பன்னிரண்டாவது நாள் ட்ரெவர் போனான். தூக்கத்தில். பஸ் ஓட்டுகிறவன், கனத்த உடம்பு, மாரடைப்பு என்றார்கள். சரி. கிறிஸ்துமஸ் கழிந்து மிஸ்டர் பொகாக். நாலாம் நாள் மிசஸ் பொகாக். வயசானவர்கள், ஒருவர் போனால் மற்றவர் தாங்குவதில்லை. அதுவும் சரி. ஜனவரியில் நெவில், தபால் ஆபீஸ் வரிசையில் நின்றபடியே. அவன் விழவே இல்லையாம். முன்னால் இருந்தவர் நகர்ந்த பிறகும் இவன் நகராததால்தான் தெரிந்தது. பிப்ரவரி கடைசியில் மிசஸ் பிளெங்கின்சப். டாக்டர்கள் ஒருத்தர் உடம்பிலும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஐந்து.

பஸ் நிற்கவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் வந்தது. மிசஸ் பிளெங்கின்சப் சாவதற்கு முன்னாலேயே பத்தாயிரம் துண்டுப் பிரசுரம் அச்சடித்திருந்தாள்: 'ஏழு பேரைத் தின்ன வைத்துக் கொன்ற சமையற்காரி! நேரில் காணுங்கள்!' லயனல் வாரா வாரம் அதே கல்லுக்கு முன்னால் நின்று ஏழு என்று சொன்னான். சொல்லும்போதெல்லாம் ஜாதிக்காய் மணத்தது.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் தனியாகப் போனான். லாந்தர் இல்லை, தொப்பி இல்லை. கல்லுக்கு முன்னால் முட்டி போட்டான். போட்டு... பேரம் பேசினான். வேறென்ன தெரியும் அவனுக்கு?

"இங்க பாருங்கம்மா. நான் அஞ்சுன்னுதான் சொல்லிட்டிருந்தேன். ஏழுங்கிறது அன்னைக்கு வாய் தவறி வந்தது. அஞ்சு முடிஞ்சிருச்சு. இதோட விட்டுடுங்க."

காற்று இல்லை. ஒன்றும் இல்லை.

"கல்லை நிமிர்த்தி வைக்கிறேன். பூ வைக்கிறேன், வருஷா வருஷம்."

ஒன்றும் இல்லை.

"வாரா வாரம். சரி... நீங்க யாரையும் கொல்லலைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். சத்தியமா." கொஞ்சம் யோசித்தான். "சீசன் முடிஞ்சதும்."

சந்தில் சத்தம் கேட்டது. டொக்... டொக்... டொக். அவனை நோக்கி வரவில்லை. விலகிப் போனது. அவன் வீட்டுப் பக்கமாக.

லயனல் ஓடினான். வாழ்க்கையில் அவன் அப்படி ஓடியதில்லை. கதவைத் திறந்தால், சமையலறையில் மார்ஜரி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் பீங்கான் தட்டு. அதில் ஒரு துண்டு. ஆவி பறந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சே? பெர்னார்ட் ஓட்டல்லேர்ந்து ஒரு அம்மா வந்து குடுத்துட்டுப் போனாங்க. அன்னைக்கு நீ விட்டுட்டு வந்த பங்காம். ரெண்டு துண்டு இருந்துச்சு, ஒண்ணு நான் எடுத்துக்கிட்டேன். மாவு வாயில வெச்சாக் கரையுது, லயனல்!"

"அவ... அவ பேசினாளா?"

மார்ஜரி யோசித்தாள். "இல்லை" என்றாள் மெதுவாக. "வாயே திறக்கலை. அப்புறம் எனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மார்ஜரி மே மாதம் போனாள். ஆறு.

அந்த ஏழாவது துண்டை லயனல் ஆற்றில் எறிந்தான். மறுநாள் மேஜையில் இருந்தது. சூடாக. தோட்டத்தில் புதைத்தான். நாய்க்குப் போட்டான், நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது, திரும்பி வரவில்லை. தினமும் காலையில் துண்டு மேஜையில் இருக்கும். பக்கத்தில் முள்கரண்டியும். லயனல் தானே வேகவைத்த முட்டையைத் தவிர வேறொன்றும் தின்னாமல் தெருக்கம்பம் மாதிரி ஆனான்.

இந்த இலையுதிர் காலத்தில் டக்ளஸ் அவனைப் பார்க்கப் போனான். அக்கா போன வீடு, மச்சான் தனியாகக் கிடக்கிறானே என்று. மத்தியானம் சாப்பிடாமல் சந்தையிலிருந்து நேராகப் போயிருக்கிறான். லயனல் அவனை அணைத்துக்கொண்டானாம். கோட்டை வாங்கி மாட்டினானாம். நாற்காலியை இழுத்துப் போட்டானாம்.

"பசிக்குதா, டக்ளஸ்?"

"கொலைப் பசி."

"உக்காரு. ஒரே ஒரு துண்டு இருக்கு. உனக்காகத்தான் வெச்சிருக்கேன்."

டக்ளஸ் கடைசிக் கவளத்தை விழுங்குகிறவரைக்கும் லயனல் எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. விழுங்கின பிறகுதான், மூச்சை விட்டுக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது ரொட்டி வெட்டி, வெண்ணெய் தடவி, தின்றுகொண்டே சொன்னானாம். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவன் தின்பது போல.

மறுநாள் டக்ளஸ் இதைக் கடையில் வைத்துச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "ஆனா மாவு அருமைய்யா" என்றான். இன்று காலை அவனைப் புதைத்துவிட்டுத்தான் நாம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

லயனல் அடக்கத்துக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை இல்லையா, பஸ் வந்திருந்தது. ஆள் உடம்பு தேறிவிட்டான் என்கிறார்கள். விலை கொடுக்கிறவன் தான்தான் என்றில்லை, வேறு யாரையாவது கொடுக்க வைக்கலாம் என்று தெரிந்துகொண்டால் யாருக்கும் உடம்பு தேறும். நார்மன் தன் கசாப்புக்காரனுக்கு எட்டுக் கொலை என்று புதுப் பலகை மாட்டியிருக்கிறான். அதனால் இன்று சாயங்காலம், அந்தக் கல்லுக்கு முன்னால், நாற்பது பேர் கேட்க, லயனல் ஒன்பது என்று சொல்லியிருக்கிறான்.

ஐந்து. மார்ஜரி ஆறு. டக்ளஸ் ஏழு.

பாக்கி இரண்டு.